கதவில் நசுங்கிய விரல்: 11 வாரமாகியும் சேராத எலும்பு

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. 11 வாரங்களுக்கு முன் வீட்டு இரும்புக் கதவில் அவனுடைய வலது கை மோதிர விரல் மாட்டிக்கொண்டது. அவனே வெடுக்கென்று இழுத்துவிட்டான். தோல் கிழியவில்லை, வீங்கியது. பக்கத்து கிளினிக்கில் கை முழுவதையும் எக்ஸ்-ரே எடுத்து, "எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்று துணிக்கட்டு போட்டார்கள். வீக்கம் வடியாததால் 12ஆம் நாள் வேறு மருத்துவரிடம் போனோம். முறிவு இருக்கிறது என்று பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டி 3 வாரம் வைத்திருந்தார். இப்போது தொட்டால் அழுவதில்லை. ஆனால் நடு மூட்டு பாதிதான் மடங்குகிறது. விரல் நடுவிரல் பக்கம் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. போன வாரப் படத்தில் இன்னும் கோடு தெரிகிறது, 'நான்-யூனியன்' (எலும்பு சேரவில்லை) என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர், அடுத்த வாரமே திறந்து இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்துக் கம்பி போட வேண்டும் என்கிறார். இன்னொருவர், வளர வளரச் சரியாகும் என்கிறார். மாமியாரோ நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு உருவிவிடச் சொல்கிறார். சின்னப் பிள்ளைக்கு எலும்பு ஏன் சேரவில்லை? சத்துக் குறைவா? நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அடுத்த வாரமே திறந்தாக வேண்டிய அவசரம் எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. அதற்காக, 'வளர வளரச் சரியாகும்' என்று விட்டுவிடக்கூடிய விரலும் அல்ல இது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அதில் முதல் வேலை, சரியாக எடுத்த ஒரு பக்கவாட்டு எக்ஸ்-ரே. அதைப் பார்க்காமல் யார் சொல்லும் முடிவும் அரைகுறைதான், நான் இங்கே எழுதுவது உட்பட.

ஏன் சேரவில்லை என்பதை முதலில் பார்ப்போம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல், வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்டு வைத்தால் அந்த ஒட்டும் சேராமல் போகலாம்.

சின்னக் குழந்தைகளின் எலும்பைச் சுற்றியிருக்கும் உறை பெரியவர்களுடையதைவிடத் தடிமனானது, ரத்த ஓட்டம் மிகுந்தது. விரல் எலும்பு முறிந்தால் சாதாரணமாக 3 முதல் 4 வாரத்தில், அழுத்தினால் வலிக்காத அளவுக்கு ஒட்டிவிடும். ஆகவே இந்த வயதில் ஒரு விரல் எலும்பு சேரவில்லை என்றால், 'உடம்பு வாகு' என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. அந்த இடத்தில் குறிப்பாக ஏதோ நடந்திருக்கிறது. முறிந்த துண்டு இடம் மாறி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கலாம். நடுவில் உறையோ தசைநாரோ சிக்கியிருக்கலாம். கிருமி புகுந்திருக்கலாம். அல்லது அந்தத் துண்டுக்குப் போகும் ரத்தமே நின்றிருக்கலாம். நசுங்கிய காயத்தில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும்.

உங்கள் மகனுக்கு நேர்ந்ததைப் படித்தால், கதவில் மாட்டிய விரலை இழுத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு வரும் ஒரு குறிப்பிட்ட முறிவு நினைவுக்கு வருகிறது. விரலின் அடி எலும்பு, மேலே தலை போல உருண்டு நடு மூட்டை ஆக்குகிறது. அந்தத் தலைக்குச் சற்றுக் கீழே ஒடுங்கிய பகுதியைக் 'கழுத்து' என்கிறோம். கதவு விரலை நெருக்கிப் பிடித்திருக்கும்போது குழந்தை இழுத்தால், கழுத்தில் முறிந்து தலைத் துண்டு புறங்கைப் பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. சில சமயம் மூட்டின் வழவழப்பான பரப்பு நேர் மேலே பார்க்கும் அளவுக்கு, கிட்டத்தட்ட 90 பாகை திரும்பிவிடும். கீழே நிற்கும் தண்டின் உள்ளங்கைப் பக்க முனை கூராக நீட்டிக்கொண்டு நிற்கும்.

நடு மூட்டு முழுதாக மடங்க வேண்டுமானால், நடு எலும்பின் உதடு அடி எலும்பின் கழுத்தில் உள்ளங்கைப் பக்கம் இருக்கும் ஒரு சிறு குழிக்குள் போய் அமர வேண்டும். இந்த முறிவில் அந்தக் குழியைக் கூர்முனை அடைத்துக்கொள்ளும். பாதி மடங்கியதும் எலும்பில் எலும்பு இடித்து நிற்பது அதனால்தான். பயிற்சி கொடுத்துச் சரிசெய்யக்கூடிய விறைப்பு அல்ல இது.

இந்த இடத்துக்கு இன்னும் இரண்டு பலவீனங்கள் உண்டு. விரல் எலும்பு நீள வளரும் இடமான வளர்ச்சித் தட்டு அடிப்பக்கத்தில், அதாவது உள்ளங்கையை நோக்கிய முனையில்தான் இருக்கிறது. கழுத்து அதற்கு எதிர்முனை. வளர்ச்சித் தட்டுக்குப் பக்கத்தில் முறிந்த எலும்பு கோணலாகச் சேர்ந்தாலும் வளரும்போது நிமிர்ந்துகொள்ளும். கழுத்தில் அந்தச் சலுகை குறைவு. இரண்டாவது, ரத்த ஓட்டம். தலைத் துண்டுக்கு ரத்தம் பெரும்பாலும் இரு பக்கத்துத் தசைநார்கள் ஒட்டியிருக்கும் இடம் வழியாகவே போகிறது. காம்பு அறுந்த காய் பழுக்காது என்பதுபோல், அந்த ஒட்டுதல் அறுந்தால் தலை மடிந்துவிடும். கதவு நசுக்கியபோதே அது அறுந்திருக்கலாம். பிறகு துண்டை நேராக்குகிறோம் என்று திறந்து, எல்லாப் பக்கமும் பிரித்தெடுத்ததால் அறுந்ததும் உண்டு. திறக்கத் தயங்குவதற்கு என் முக்கியமான காரணம் இதுதான்.

முதல் நாள் படத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். மூன்று வயதில் விரல் எலும்பின் தலை பெரும்பகுதி குருத்தெலும்பு. எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பு தெரியாது. தலை முழுவதும் உடைந்து திரும்பியிருந்தாலும், படத்தில் நகத்துணுக்கு போல ஒரு மெல்லிய எலும்புச் சில்லு மட்டுமே தெரியும். அழுகிற குழந்தையின் முழுக் கையையும் பக்கவாட்டில் எடுத்தால் நான்கு விரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அந்தச் சில்லும் மறைந்துவிடும்.

ஆகவே எக்ஸ்-ரே மையத்தில் நீங்கள் கேட்க வேண்டியது: மோதிர விரல் மட்டும், நேராக ஒன்று, சுத்தமான பக்கவாட்டில் ஒன்று. மற்ற விரல்களை மடக்கிப் பிடித்து விலக்கி, இந்த விரல் தனியே நிற்க எடுக்க வேண்டும். பக்கவாட்டுப் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்: நகம் ஒரு கோடாகத் தெரிந்தால் சரி, பரந்து தெரிந்தால் விரல் திரும்பியிருக்கிறது, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இடது கை மோதிர விரலையும் அதே இரண்டு கோணத்தில் எடுத்தால் ஒப்பிட வசதி. விரலுக்கு எடுக்கும் எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. நான்கு படத்துக்கு அஞ்ச வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது முதல் நாள் படம், 12ஆம் நாள் படம், போன வாரப் படம் மூன்றையும் எடுத்துப் போங்கள். பிலிமை விளக்குக்கு நேரே பிடித்து செல்போனில் எடுத்த படத்தில் இந்தச் சில்லுகள் தெரியாது. குறுந்தகடாகவோ அசல் பிலிமாகவோ இருக்கட்டும். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இரண்டும் இந்த வயதில் பெரும்பாலும் மயக்க மருந்து கேட்கும், முதலிலேயே தேவைப்படாது. குருத்தெலும்பைப் பார்க்க வேண்டியிருந்தால் அனுபவமுள்ளவர் செய்யும் அல்ட்ராசவுண்ட் உதவும்.

வீட்டில் மூன்று விஷயங்களைப் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒன்று, வலி. விளையாட்டுப் போக்கில் இருக்கும்போது நல்ல விரல்களிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்திக்கொண்டு வாருங்கள். முறிந்த இடத்தில் மட்டும் கையை இழுக்கிறானா என்று கவனியுங்கள். இரண்டு, சுழற்சி. அவன் நன்றாகத் தூங்கும்போது மணிக்கட்டை மெல்லப் பின்னுக்குச் சாயுங்கள். விரல்கள் தாமாகவே மடங்கும். மோதிர விரல் நடுவிரலின் மேலோ கீழோ ஏறுகிறதா, நகம் மற்ற நகங்களைவிடத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, இடது கையோடு ஒப்பிட்டு ஒரு போட்டோ எடுங்கள். விழித்திருக்கும் மூன்று வயதுக்காரனிடம் 'கையை மூடு' என்று சொல்லிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. மூன்று, உபயோகம். சோறு பிசையும்போதும் பந்து பிடிக்கும்போதும் அந்த விரலைச் சேர்த்துக்கொள்கிறானா, தூக்கி வைத்துக்கொள்கிறானா? முறிந்த இடத்தை நீங்களே அசைத்துப் பார்க்க வேண்டாம், அது மருத்துவர் வேலை.

இனி, 'கோடு தெரிகிறது' என்பதற்கு வருவோம். விரல் எலும்பில் கையால் உணரும் சேர்க்கை முன்னே வரும், படத்தில் தெரியும் சேர்க்கை பின்னே வரும். வலி போய், அசைவும் நின்ற பிறகும் கோடு பல வாரம் தெரியலாம். கோட்டை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதை நான் ஏற்பதில்லை. சின்னக் குழந்தையின் படத்தில் வளர்ச்சித் தட்டும் ஒரு கருங்கோடாகத்தான் தெரியும். அதை முறிவு என்று எண்ணிப் பதறி வரும் பெற்றோர் உண்டு. மருத்துவரிடம் 'கோடு எலும்பின் எந்த முனையில் இருக்கிறது?' என்று கேளுங்கள். அடிமுனை என்றால் அது வளர்ச்சித் தட்டாக இருக்கலாம். அடி எலும்பின் தலைப்பக்கம், நடு மூட்டுக்கு அருகே என்றால் மேலே சொன்ன கழுத்து முறிவு.

பக்கவாட்டுப் படமும் மருத்துவரின் பரிசோதனையும் சேர்ந்தால் நிலைமை கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

முறிந்த இடம் அசையவில்லை, வலி இல்லை, தலை ஏறக்குறைய நேராக இருக்கிறது, கோடு மட்டும் மீதி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நார்த்திசு பிடித்திருக்கிறது, எலும்பாக மாற நாள் எடுக்கிறது. 6 வாரம் கழித்து ஒரு படம், பிறகு 3 மாதம் கழித்து ஒன்று போதும்.

அசையவில்லை, ஆனால் தலை புறங்கைப் பக்கம் சாய்ந்தபடியே சேர்ந்துகொண்டிருக்கிறது என்பது இரண்டாவது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது பிரச்சினை சேராதது அல்ல, கோணலாகச் சேர்வது. இதில் இன்னொரு டாக்டர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. கழுத்தில் நிமிரும் சக்தி குறைவு என்றேனே தவிர, இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளில் முன்-பின் சாய்வு ஒன்றிரண்டு ஆண்டுகளில் கணிசமாகச் சரியாகி, அடைபட்ட குழியும் திறந்துகொண்டது பதிவாகியிருக்கிறது. பக்கவாட்டுச் சாய்வு அவ்வளவு எளிதில் திருந்தாது. சுழற்சி திருந்தவே திருந்தாது. அதனால்தான் தூங்கும்போது பார்க்கச் சொன்னேன். விரல் விரலின் மேல் ஏறவில்லை, சாய்வு லேசானது என்றால் ஓராண்டு காத்திருப்பது நியாயமான வழி. அப்படியும் மடங்குவது பாதியிலேயே நின்றால், நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனையை மட்டும் செதுக்கி எடுத்துக் குழியைத் திறக்கலாம். முழு எலும்பையும் மறுபடி உடைப்பதைவிட அது சிறிய வேலை, தலையின் ரத்த ஓட்டத்துக்கும் ஆபத்து குறைவு.

முறிந்து சில வாரங்களே ஆகியிருந்தால் வேறொரு வழியும் இருந்திருக்கும். புறங்கைப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பியைத் தோல் வழியாக முறிவுக்குள் நுழைத்து, இளகிய புது எலும்பை நெம்பிவிட்டு, தலையைத் திருப்பிப் பொருத்தி, குறுக்காகக் கம்பி போடுவோம். 11 வாரத்தில் அது பெரும்பாலும் முடியாது. ஆனாலும் பக்கவாட்டுப் படத்தில் புது எலும்பு இன்னும் இளசாகத் தெரிந்தால் முயலலாமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மூன்றாவது, உண்மையாகவே சேராத முறிவு. அழுத்தினால் அல்லது பக்கவாட்டில் தள்ளினால் மூட்டல்லாத இடத்தில் விரல் அசையும். படத்தில் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கும் அல்லது முனைகள் மழுங்கி வெளுத்து அடைபட்டிருக்கும். 3 மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் எலும்பு ஒட்டும் கம்பியும் தேவைதான். நான்காவது, தலை ரத்தம் இழந்து மடிந்துபோவது. படத்தில் தலை மற்ற எலும்பைவிட வெண்மையாகத் தெரிந்து, பிறகு சுருங்கி நொறுங்கும். அப்போது ஒட்டு வைத்தாலும் பலன் குறைவு. மூட்டு வலியில்லாமல், நேராக, முடிந்த அளவு மடங்கும்படி பார்த்துக்கொண்டு வளரவிட்டு, வளர்ந்த பிறகு யோசிப்பதுதான் பெரும்பாலும் நல்லது.

மூன்றாவது நிலைதான் என்று உறுதியானால், அறுவைக்கு முன் மருத்துவரிடம் இவற்றைப் பேசுங்கள். ஒட்டு எவ்வளவு தேவை, எங்கிருந்து எடுக்கப் போகிறார்கள்? மூன்று வயது விரல் கழுத்துக்குத் தேவைப்படுவது துவரம்பருப்பு அளவு எலும்பு. அதை அதே கையின் மணிக்கட்டுக்கு மேலேயிருந்தோ முழங்கை முனையிலிருந்தோ, வளர்ச்சித் தட்டைத் தொடாமல் எடுக்கலாம். இடுப்பெலும்பிலிருந்து எடுப்பது தவறல்ல. ஆனால் இந்த வயதில் இடுப்பெலும்பின் விளிம்பு வளரும் குருத்தெலும்பு, அதைக் காப்பாற்றித்தான் எடுக்க வேண்டும், நடக்கும்போது சில நாள் வலிக்கும். இவ்வளவு சிறிய தேவைக்கு ஏன் இடுப்பு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பக்கத் தசைநார்களை விடாமல் ஒரு பக்கமாக மட்டும் திறப்பார்களா என்பது அடுத்த கேள்வி. கம்பி, திருகு இல்லாத வழவழப்பானதாக, 0.7 முதல் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தடித்த கம்பியைத் திரும்பத் திரும்பக் குத்தினால் அந்தச் சிறு தலை பிளந்துவிடும். தட்டும் ஸ்க்ரூவும் இந்த இடத்தில் வேலைக்காகாது. முறிந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே காட்டுவது? எலும்பு மருத்துவர்களிலோ பிளாஸ்டிக் சர்ஜன்களிலோ கை அறுவையைத் தனியாகச் செய்பவரிடம் போங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு 1970களிலிருந்து இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் பெயரில் கை அறுவை மையம் இயங்குகிறது. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலும் இந்த அனுபவம் உள்ளவர்கள் இருப்பார்கள்.

மயக்க மருந்துக்கு முன் பட்டினி பற்றிக் குழப்பம் வேண்டாம். சோறு, இட்லி, பிஸ்கட், பசும்பால் எல்லாம் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம்; மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பிள்ளையை வாட்ட வேண்டியதில்லை.

அறுவைக்குப் பின் போடும் கட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த வயதில் விரலுக்கு மட்டும் வைக்கும் மட்டை ஒரு மணி நேரம் நிற்காது. முழங்கைக்கு மேல்வரை, முழங்கையை 90 பாகைக்குச் சற்று அதிகமாக மடக்கி, எல்லா விரல்களையும் உள்ளே வைத்துக் குத்துச்சண்டைக் கையுறை போல மாவுக்கட்டு போட வேண்டும். முழங்கைக்குக் கீழே போட்டால் உருவி எறிந்துவிடுவான். முதல் தடவை முறிந்தபோது போட்ட கம்பியாக இருந்தால் 3 முதல் 4 வாரத்தில் எடுப்போம். ஒட்டு வைத்ததற்கு 6 வாரம் வரை ஆகும். குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டினால் மட்டும் போதாது, கையைத் தொட்டிக்கு வெளியே வையுங்கள். கட்டுக்குள் கடலை, பென்சில் முனை, சோற்றுப் பருக்கை போட்டுவிடுவார்கள், தினமும் ஓரத்தைப் பாருங்கள். விரல் நுனி நீலமாகவோ வெளிறியோ தெரிந்தாலும், மருந்து கொடுத்தும் அழுகை நிற்காவிட்டாலும், கட்டிலிருந்து நாற்றம் வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். லேபிளைப் படித்து அளந்து கொடுங்கள்.

மாமியாரின் யோசனைக்கு வருவோம். இறுக்கிக் கட்டும் கட்டு வீங்கிய கையில் ரத்த ஓட்டத்தை நிறுத்திய கேஸ்கள் எல்லா மருத்துவமனைகளும் அறிந்தவை. 11 வாரம் ஆன, வீக்கம் வடிந்த விரலில் அந்த ஆபத்து குறைவு என்றாலும், திரும்பி நிற்கும் தலையை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் நேராக்க முடியாது. உருவிவிடுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். எலும்பு இடித்து நிற்கும் மூட்டை வலுக்கட்டாயமாக மடக்கினால், மூட்டு மடங்காது. இன்னும் இறுகாத முறிவுதான் மடங்கும். பிடித்துவரும் நார்த்திசுவையும் கிழித்துவிடுவோம். விரலை அவனாகவே அசைக்கட்டும். சப்பாத்தி மாவு உருட்டுவது, நனைந்த ஸ்பாஞ்சைப் பிழிவது, தொட்டித் தண்ணீரில் கோலிக்குண்டு பொறுக்குவது இவையே போதுமான பயிற்சி.

சத்துக் குறைவா என்றால், இல்லை. சத்துக் குறைவால் வரும் எலும்பு நோய் ஒரு விரலின் கழுத்தில் மட்டும் உட்காராது. மணிக்கட்டு புடைத்து, கால் வளைந்து, நடை தாமதமாகியிருந்தால் ரிக்கெட்ஸ் என்று சந்தேகித்து ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி பார்ப்போம். அவனுடைய வயதில் நாளொன்றுக்கு 500 முதல் 550 மில்லிகிராம் கால்சியம் தேவை. 200 மில்லி பாலும் ஒரு கிண்ணம் தயிரும் கேழ்வரகுக் கூழும் சேர்ந்தால் பெருமளவு வந்துவிடும். வைட்டமின் டி நாளுக்கு 600 யூனிட். 60,000 யூனிட் பாக்கெட்டை மருந்துக்கடையில் வாங்கி வாராவாரம் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், அளவு மீறினால் சிறுநீரகத்துக்குக் கேடு. பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் பிடித்தால் சாப்பிடட்டும். இடம் மாறிய எலும்பை அவை இடத்துக்குக் கொண்டுவராது.

வேறு எலும்புகளும் அடிக்கடி முறிந்திருந்தால், கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்திருந்தால், உடம்பில் காப்பி நிறத் தேமல்கள் 5 மில்லிமீட்டருக்கு மேல் பெரியதாக ஆறோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அடிபட்டாலும் சூடு பட்டாலும் வலியே தெரியாத குழந்தையாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இவை அபூர்வம். கடிதத்தில் இதற்கான அறிகுறி இல்லை.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு, விரல் நுனி பற்றி ஒரு வார்த்தை. நுனி எலும்பின் முனை நொறுங்கினால் படத்தில் மாதக்கணக்கில் சேராதது போலவே தெரியும், வலி இல்லையென்றால் அப்படியே விடலாம். ஆனால் நகம் வேரிலிருந்து கிளம்பி, அதன் அடியை மூடும் தோலுக்கு மேலே வந்து உட்கார்ந்து, விரல் நுனி தொங்கினால் அது வேறு சமாச்சாரம். 1966இல் செய்மூர் என்ற மருத்துவர் விவரித்த முறிவு அது. வளர்ச்சித் தட்டு பிளந்து, நகம் முளைக்கும் திசு அதற்குள் சிக்கிக்கொள்கிறது. வெளியே சின்ன ரத்தக் கசிவுதான் தெரியும், உள்ளே அது திறந்த முறிவு. நகத்தை எடுத்துக் கழுவி, சிக்கிய திசுவை விடுவித்து, நகத்தைத் திரும்ப வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும், முடிந்தால் அன்றைக்கே. தவறவிட்டால் எலும்பில் சீழ் பிடித்து, சேராமல், விரல் நுனி வளர்ச்சியும் நின்றுபோகும். நசுங்கிய விரல் சில வாரம் கழித்துச் சிவந்து வீங்கினால், நகத்தடியில் சீழ் கசிந்தால் அது நகச்சுற்று என்று மஞ்சள் பற்றுப் போட்டு உட்காராமல் எக்ஸ்-ரே எடுங்கள். உங்கள் மகனுக்கும் இந்த அறிகுறிகள் வந்தால் மேலே சொன்ன இரண்டு மூன்று வார அவகாசம் செல்லாது, அன்றே காட்ட வேண்டும்.

விரலைவிட அதிகமாகச் சேராமல் போவது முழங்கையின் வெளிப்பக்க முறிவு. கையூன்றி விழும் 5, 6 வயதுக் குழந்தைகளுக்கு வருவது. மூட்டுக்குள் இருக்கும் முறிவு என்பதால் மூட்டுத் திரவம் அதை நனைத்துக்கொண்டே இருக்கும்; முன்கைத் தசைகளும் துண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொதுவாகக் கம்பி போடுவோம். தாண்டாத முறிவுகூட மாவுக்கட்டுக்குள்ளேயே நகர்ந்துவிடும். சேராமல் விட்டால் கை வெளிப்புறம் சாய்ந்து வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்து சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் பலவீனமாகும். அதனால் முழங்கையில் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிய குழந்தையை, 'ஒரு மாதம் கழித்து வாருங்கள்' என்று சொல்லியிருந்தாலும், 5 முதல் 7 நாளுக்குள் திரும்ப அழைத்துப் போய் எக்ஸ்-ரே எடுங்கள். உள்பக்கமாகத் திருப்பிய சாய்கோணப் படமும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், இடைவெளி அதில்தான் சரியாகத் தெரியும்.